அகமதுவுக்கு மட்டும் ஒரு சட்டம்

ஒரே ஒரு யானைக்காக ஒரு நாட்டு ஜனாதிபதி தனியா ஆணை போட்ட கதை தெரியுமா உங்களுக்கு? பட்டத்து யானை, ராஜா காலம்னெல்லாம் நினைச்சுடாதீங்க. நடந்தது 1970-ல், கென்யாவில். ஆணை போட்டவர் ஜோமோ கென்யாட்டா. யானையின் பெயர் அகமது. அந்த யானையை யாரும் சுடக்கூடாது, துப்பாக்கி ஏந்திய காவலர்கள் ராப்பகலா கூடவே இருக்கணும். இதுதான் ஆணை. செத்துப்போகும் வரைக்கும் அந்தக் காவல் இருந்தது.

கேட்கும்போது ரொம்ப அழகான கதை. எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்தது. ஆனா தோண்டத் தோண்ட வேற சில கேள்விகள் வருது. பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

முதல்ல அகமது இருந்த இடத்தைச் சொல்லிடறேன். கென்யாவின் வடக்கில் மர்சபிட்னு ஒரு மலை. சுத்திலும் வறண்ட பாலை. அதுக்கு நடுவுல, என்னிக்கோ அணைஞ்சுபோன எரிமலை ஒண்ணு பச்சைப் பசேல்னு காடு போர்த்திக்கிட்டு நிக்குது. காலையில பனிமூட்டம். பழைய எரிமலை வாய்களில் தண்ணி தேங்கி ஏரிகள். ரெண்டிலே, போரானா, கப்ரான்னு ஆடு மாடு ஒட்டகம் மேய்க்கிற மக்கள் அந்த மலையைச் சுத்தி இருக்காங்க. 1920-களில் மார்ட்டின் ஜான்சன், ஓசா ஜான்சன்னு ஒரு அமெரிக்க தம்பதி இங்கே வந்து வீடு கட்டிக்கிட்டு வருஷக்கணக்கா தங்கி, காட்டு விலங்குகளைப் படம் பிடிச்சாங்க. அங்கிருந்த ஒரு ஏரிக்கு அவங்க காலத்துல புழக்கத்துக்கு வந்த பேர் பாரடைஸ் ஏரி. பேரைப் பார்த்தாலே தெரியுதே, என்ன மாதிரி இடம்னு.

மர்சபிட் யானைகளுக்கு அப்பவே பெரிய தந்தத்துக்குப் பேர் போன வம்சம்னு ஒரு புகழ் இருந்தது. அகமது அந்த வம்சத்தின் உச்சம். 1919 வாக்கில் பிறந்திருக்கணும்னு பின்னாடி கணக்குப் போட்டாங்க. 1960-களில் மலைப்பக்கம் நடந்துபோனவங்க பார்த்து வெளியே சொல்ல, பேர் பரவிடுச்சு. மர்சபிட்டின் ராஜான்னே கூப்பிட ஆரம்பிச்சாங்க. தந்தம் தரையைத் தொடுற அளவுக்கு நீளம். மேட்டுல ஏறும்போது தந்தம் மண்ணுல குத்தும்கறதால பின்பக்கமாவே நடந்து ஏறுவாராம்! இது நிஜமா இருக்க வாய்ப்பில்லை. ஆனா ஒரு ராஜாவுக்கு இப்படி நாலு கட்டுக்கதை கூட இல்லேன்னா எப்படி :-)

பேர் பரவினா ஆபத்தும் கூடவே வரும். அந்தக் காலத்துல கென்யாவில் லைசென்ஸ் வாங்கிக்கிட்டு யானை சுடறது சட்டப்படி சரியான காரியம். வெளிநாட்டுப் பணக்காரங்க அதுக்குன்னே கப்பலேறியும் விமானமேறியும் வருவாங்க.

இந்த இடத்துல ரெண்டு வகை வேட்டையைப் பிரிச்சுப் பார்க்கணும். ஒண்ணு, தந்தத்துக்காகவே சுடறவன். கரமோஜோ பெல்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் தன் வாழ்நாள்ல ஆயிரத்துக்கும் மேல யானைகளைச் சுட்டார். அவருக்கு அது தொழில். சுடுற தோட்டாவுக்கும் கிடைக்கிற தந்தத்துக்கும் கணக்கு வெச்சிருந்த மனுஷன். இன்னொரு வகை, விளையாட்டுக்காகச் சுடறவன். சிலோன்ல மேஜர் ரோஜர்ஸ்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். ஈழத்து நண்பர்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 1,400 யானைக்கு மேல் சுட்டார்னு சொல்றாங்க. இத்தனைக்கும் இலங்கை ஆண் யானைகளில் பெரும்பாலானதுக்கு வெளியே தெரியற தந்தமே கிடையாது. தந்தத்துக்கு இல்லைன்னா அப்புறம் எதுக்கு? எண்ணிக்கைக்குத்தான். 1845-ல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்துப்போனார். கல்லறை நுவரெலியாவில் இருக்கு. அதுக்கப்புறம் கல்லறை மேலயும் இடி விழுந்ததுன்னு ஊர்ல சொல்லிக்குவாங்க. யானை சாபமாம்.

ஆப்பிரிக்காவில் இந்த விளையாட்டுக்கு ஒரு இலக்கணமே உண்டாச்சு. லண்டன்ல ரோலண்ட் வார்ட்னு ஒரு ஆள், மிருகங்களைப் பாடம் பண்றதுல பேர் போனவர். 1892-ல் அவர் ஒரு புத்தகம் போட்டார். யார் சுட்ட கொம்பு எத்தனை நீளம், யார் சுட்ட தந்தம் எத்தனை எடைன்னு பட்டியல். அதுல பேர் வரணும்னு ஒரு வெறி கிளம்பிடுச்சு. யானையில 100 பவுண்டுதான் கோடு. அதாவது ஒரு பக்கத் தந்தம் மட்டும் 45 கிலோ. அதைத் தாண்டினா அந்த யானை 'நூறு பவுண்டர்'. கிரிக்கெட்ல செஞ்சுரி மாதிரின்னு வெச்சுக்கங்களேன்.

கிளிமாஞ்சாரோ மலையடிவாரத்துல 1890-களின் கடைசியில் சுட்ட ஒரு யானையின் தந்தங்கள்தான் இதுவரைக்கும் தெரிஞ்சதுல பெரிசு. ரெண்டும் சேர்ந்து சுமார் 200 கிலோ. சான்சிபார் சந்தைக்கு வந்து, கைமாறி கைமாறி, கடைசியில் லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1909-ல் அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மகனையும் கூட்டிக்கிட்டு கிழக்கு ஆப்பிரிக்கா வந்தார். அப்பாவும் பிள்ளையுமா 512 விலங்குகளைச் சுட்டதா அவரே கணக்கு எழுதி வெச்சிருக்கார். அதில் 11 யானை. இதெல்லாம் அருங்காட்சியகத்துக்காக, அறிவியலுக்காகன்னு பேர்.

சரி, அகமதுவுக்கு வருவோம். 1970 வாக்கில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அகமது வந்தார். எப்படியும் யாராவது சுட்டுடுவாங்கன்னு உலகம் பூரா கவலை. கடிதங்கள் குவிய ஆரம்பிச்சது. கென்யாட்டா ஆணை போட்டார்.

ஒரு தகவல் இடையில. யானையைச் சட்டம் போட்டுக் காப்பாத்தறதுல நாம ரொம்ப சீனியர். 1873-லேயே மெட்ராஸ் மாகாணத்துல காட்டு யானையைக் கொல்லக் கூடாதுன்னு சட்டம் வந்துடுச்சு. ஆனா பாசம் பொங்கி வழிஞ்சு வந்த சட்டம் இல்லை அது. மரம் இழுக்கவும் சாமான் தூக்கவும் சர்க்காருக்கு யானை தேவைப்பட்டது. வேலைக்காரனைக் கொல்லாதேங்கற மாதிரிதான். அகமது யாருக்கும் எந்த வேலையும் செய்யலை. அவரோட ஒரே தகுதி அவர் அவரா இருந்ததுதான். ஒரு காட்டு விலங்குக்கு, அதுவும் தனி ஒரு விலங்குக்கு, அந்தக் காரணத்துக்காக ஒரு அரசு காவல் போட்டதுங்கறது பெரிய விஷயம்தான்.

1974-ல் அகமது செத்தார். யாரும் சுடலை. வயசாகித் தானா விழுந்தார். 55 வயசு இருக்கும்னு மதிப்பிட்டாங்க. தந்தத்தை எடை போட்டுப் பார்த்தா ஒவ்வொண்ணும் 67 கிலோ, 148 பவுண்டு. கட்டுக்கதை அளவுக்கு இல்லை, ஆனா நூறு பவுண்டர் கோட்டை எப்பவோ தாண்டியாச்சு.

அப்புறம் நடந்தது கொஞ்சம் விசித்திரம். அவரோட எலும்புக்கூட்டைத் தந்தத்தோட நைரோபி தேசிய அருங்காட்சியகத்துல நிறுத்தி வெச்சாங்க. முற்றத்துல ஆளுயரம், இல்லை யானையுயரம், ஃபைபர் கண்ணாடியில ஒரு சிலை. யோசிச்சுப் பாருங்க. வேட்டைக்காரன் செய்ய நினைச்சதும் இதைத்தானே? தந்தத்தை எடுத்து நாலு பேர் பார்க்க நிறுத்தறது. அரசாங்கமும் கடைசியில அதையேதான் செஞ்சது. என்ன வித்தியாசம்னு கேட்டா, காத்திருந்ததுதான். யானை தன் நேரத்துக்குச் சாகட்டும்னு காத்திருந்தாங்க. எனக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும்னு தோணுது.

ஆனா மத்த யானைகள்? அங்கதான் கதை கசக்குது. 1973-ல் கென்யா யானை வேட்டையைத் தடை பண்ணுச்சு. 1977-ல் எல்லா வேட்டையையும் தடை பண்ணுச்சு. 1973-ல் நாட்டுல இருந்த யானைகள் சுமார் 1,67,000. 1989-ல் மிச்சம் சுமார் 16,000. பத்துல ஒண்ணு! அகமதுவைக் காவல் காத்த அதே ஆட்சி காலத்துல, கென்யாட்டா குடும்பத்து ஆட்களையே தந்த வியாபாரத்தோட சேர்த்துப் பேசி வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. ஒரு யானைக்கு அரசாங்கக் காவல், மத்த யானைகளுக்குக் கள்ளவேட்டைக்காரன். 1989-ல் அடுத்த ஜனாதிபதி டேனியல் அரப் மோய் 12 டன் தந்தத்தைக் குவிச்சு வெச்சுக் கொளுத்தினார். அதே வருஷம் சர்வதேச தந்த வியாபாரத்துக்குத் தடை முடிவாச்சு. அதுக்கப்புறம்தான் மெல்ல மெல்ல ஏறி, 2021 கணக்கெடுப்புல கென்யாவில் 36,000-க்கு மேல யானைகள்.

வேட்டைக்கு ஆதரவா பேசறவங்க இந்த இடத்தைத்தான் பிடிச்சுக்குவாங்க. லைசென்ஸ் வேட்டைக்காரன் காட்டுல கூடாரம் போட்டு இருந்தவரைக்கும் கள்ளவேட்டைக்காரன் வர பயப்பட்டான், 1977-ல் அவனை வெளியே அனுப்பினீங்க, காடு அனாதையாச்சுங்கறாங்க. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா பக்கத்து நாடு தான்சானியாவைப் பாருங்க. அங்கே செலூஸ்னு பிரம்மாண்டமான காடு, உலகத்துலயே பேர் போன வேட்டைக் காடு. வேட்டைக்குத் தடையெல்லாம் இல்லை. 2009-ல் செலூஸ் வட்டாரத்துல சுமார் 39,000 யானை. 2013-ல் சுமார் 13,000. நாலே வருஷம். லைசென்ஸ் வேட்டைக்காரன் கூடாரம் அங்கேயே இருந்தது. தடுக்க முடிஞ்சுதா? ஆக தடை இருந்தாலும் இல்லாட்டியும், காவலும் நிர்வாகமும் அழுகிப்போனா யானை போயிடும்.

அவங்களோட இன்னொரு வாதம்தான் எனக்கு ரொம்ப நாளா சரின்னு பட்டது. கிழட்டு ஆண் யானையைத்தானே சுடறோம், இனப்பெருக்க வயசைத் தாண்டினது, எப்படியும் சாகப்போறது, அது போனா கூட்டத்துக்கு என்ன நஷ்டம்னு கேட்பாங்க. இதுக்குப் பதில் கிடைச்சது அம்போசெலியில். கிளிமாஞ்சாரோவை அண்ணாந்து பார்த்தபடி கென்யா பக்கம் இருக்கிற காடு. சிந்தியா மாஸ் 1972-ல் அங்கே ஆரம்பிச்ச யானை ஆராய்ச்சி ஐம்பது வருஷத்தைத் தாண்டிடுச்சு. ஒவ்வொரு யானைக்கும் பேர், அம்மா யார், எப்போ பிறந்ததுன்னு ஜாதகமே இருக்கு.

அதுல ஒரு வேடிக்கை. யானைக்கு மதம் பிடிக்கும்கறது நமக்குச் சங்க காலத்துலேர்ந்து தெரியும். கன்னத்துல மதநீர் வழியறதையும் வண்டு மொய்க்கறதையும் பாடாத புலவன் இல்லை. ஆனா ஆப்பிரிக்க யானைக்கு மதமே கிடையாதுன்னு விஞ்ஞானிகள் ரொம்ப காலம் நம்பிக்கிட்டு இருந்தாங்க. ஜாய்ஸ் பூலும் சிந்தியா மாஸும் 1981-ல் அம்போசெலி யானைகளை வெச்சு, இல்லைங்க, இதுகளுக்கும் மதம் உண்டுன்னு எழுதினாங்க. அதைத் தொடர்ந்து போனதுல இன்னொண்ணு தெரிஞ்சது. ஆண் யானைக்கு 35 வயசுக்கு மேலதான் மதம் ஒழுங்கா, நீளமா வருது. குட்டிகளுக்கு அப்பா யார்னு மரபணு பார்த்தா, 45-லேர்ந்து 50 சொச்சம் வயசு வரைக்கும் இருக்கிற ஆண்கள்தான் உச்சத்துல இருக்காங்க. பெண் யானைகளும் வயசான கொம்பனைத்தான் தேடிப் போகுது. கிழடு, பிரயோஜனமில்லைன்னு வேட்டைக்காரன் நினைச்ச யானைதான் ஊரோட மாப்பிள்ளை!

தென்னாப்பிரிக்காவுல பிலானெஸ்பெர்க்னு ஒரு காடு. வேற இடத்துலேர்ந்து அனாதைக் குட்டிகளைக் கொண்டுவந்து விட்டு யானைக் கூட்டம் உண்டாக்கினாங்க. பெரிய ஆண் யானையே கிடையாது. அந்தக் குட்டிப் பயலுங்க வளர்ந்து, வயசுக்கு முன்னாடியே மதம் பிடிச்சு, 1990-களில் காண்டாமிருகங்களைக் குத்திக் கொல்ல ஆரம்பிச்சுதுங்க. நாப்பதுக்கும் மேல. என்ன செய்யறதுன்னு தெரியாம, 1998-ல் க்ரூகர் காட்டுலேர்ந்து ஆறு பெரிய ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டாங்க. பயலுங்களுக்கு மதம் அடங்கிடுச்சு. காண்டாமிருகக் கொலையும் நின்னுபோச்சு. வீட்டுல பெரியவங்க இருக்கணும்னு நம்ம பாட்டிகள் சொன்னா கேட்க மாட்டோம். 'நேச்சர்' பத்திரிகையில வந்தா கேட்போம் :-)

தந்தம் ஆயுசு பூரா வளர்ற சமாச்சாரம். நூறு பவுண்டு தந்தம்னா நாப்பது ஐம்பது வருஷக் காலம் அதுல இருக்கு. அப்பன் பாட்டன் கொடுத்த மரபும் இருக்கணும், அத்தனை வருஷம் துப்பாக்கியிலேர்ந்து தப்பிச்சும் இருக்கணும். ரெண்டும் சேர்றது அபூர்வம். தந்தமுள்ளதையே பொறுக்கிப் பொறுக்கிச் சுட்டா என்ன ஆகும்னு மொசாம்பிக்கின் கொரோங்கோசா காட்டுல பார்த்தாச்சு. 1977-லேர்ந்து 1992 வரைக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் ரெண்டு பக்கமும் தந்தத்துக்காக யானையைச் சுட்டுத் தள்ளினாங்க. போருக்கு முன்னாடி தந்தமில்லாத பிடி யானைகள் நூத்துக்கு 18 சொச்சம். அப்புறம் 51.

இப்போ விஷயத்தின் நடுப்பகுதிக்கு வர்றேன். அம்போசெலி யானைகளுக்கு கென்யா, தான்சானியான்னு கோடு தெரியாது. காலையில இந்தப் பக்கம், சாயங்காலம் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் வேட்டைக்குத் தடை, அந்தப் பக்கம் வேட்டைக்கு அனுமதி. கென்யா பக்கம் ஜீப்புகளைப் பார்த்துப் பார்த்து, மனுஷனைக் கண்டா ஓடாமப் பழகின யானை அது. அதைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சுடறதுல என்னய்யா வேட்டை இருக்கு? விலங்குக்குத் தப்பிக்க ஒரு வாய்ப்பு கொடுக்கணும்கறது வேட்டைக்காரங்க அவங்களே பெருமையா சொல்லிக்கிற தர்மம். அந்தத் தராசுலயே வெச்சுப் பார்த்தாலும் இது நிக்காது.

1994-ல் ஆராய்ச்சியாளர்களுக்குப் பேர் தெரிஞ்ச மூணு ஆண் யானைகளை அந்தப் பக்கம் இப்படிச் சுட்டாங்க. பெரிய சத்தம் கிளம்பி, 1995-ல் எல்லையோரம் சுடறதில்லைன்னு ஒரு புரிந்துணர்வு வந்தது. சட்டம் இல்லை, வாய்ப்பேச்சு மாதிரிதான். ஆச்சரியம், கிட்டத்தட்ட முப்பது வருஷம் தாக்குப் பிடிச்சது. 2023 செப்டம்பர்ல உடைஞ்சது. 2024 முன்பாதிக்குள்ள அஞ்சு ஆண் யானைகள். அதுல ரெண்டாவது நூறு பவுண்டர். சிலதோட உடலை எரிச்சுட்டாங்க, எந்த யானைன்னு சுலபமா அடையாளம் சொல்ல முடியலை. ஐம்பது வருஷ ஜாதகம் கையில இருந்தும்! விஞ்ஞானிகள் 2024-ல் 'சயின்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, எல்லைப்புறத்துல இதை நிறுத்தச் சொன்னாங்க.

சுட்டவங்க தரப்பு பதில் சுருக்கமானது. தான்சானியா சட்டப்படி லைசென்ஸ் வாங்கித்தான் சுட்டோம், யானைக்கு பாஸ்போர்ட் கிடையாது, உங்க யானைன்னு எப்படிச் சொல்றீங்க? அந்தப் பக்கமும் மாசாய் மக்கள்தான் இருக்காங்க. அவங்க நிலத்துல வேட்டை நடந்தா அவங்களுக்கும் ஒரு பங்கு வருது. கென்யா பக்கம் அதே யானையைக் காட்டி ஓட்டல்காரங்க சம்பாதிக்கிறாங்க. நீ பார்க்க வித்தா தர்மம், நான் சுட வித்தா பாவமான்னு அவங்க கேட்டா, சென்னையில ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு நான் உடனே பதில் சொல்லிட முடியாது. போட்ஸ்வானாவில் சுமார் 1,30,000 யானை. 2014-ல் வேட்டையைத் தடை செஞ்சாங்க, 2019-ல் திரும்ப அனுமதிச்சாங்க. 2024-ல் ஜெர்மனி டிராபி இறக்குமதியைக் கட்டுப்படுத்தப் பேசினதும், அப்போதைய ஜனாதிபதி மசிசி, அப்படின்னா 20,000 யானையை உங்க நாட்டுக்கு அனுப்பறேன், நீங்க கூட வாழ்ந்து பாருங்கன்னார். சிரிப்பா இருந்தாலும், சோளக்கொல்லையை ஒரே ராத்திரியில இழந்தவனுக்கு அது சிரிப்பு இல்லை.

அம்போசெலியிலேயே டிம்னு ஒரு மகா கொம்பன் இருந்தான். உலகம் பூரா ரசிகர்கள். ஆனா பக்கத்து விவசாயிகளுக்கு அவன் பயிர் திருடன். ராத்திரியில கொல்லையில இறங்கிடுவான். 2016-ல் கழுத்துல கருவி மாட்டினாங்க. கொல்லைப் பக்கம் நகர்ந்தா காவலர்களுக்குத் தெரியும், போய் விரட்டுவாங்க. யாருக்காகக் காவல்? யானைக்கா, விவசாயிக்கா? ரெண்டு பேருக்கும்தான். அகமதுவுக்குப் போட்ட காவலைவிட இந்தக் காவல் எனக்குப் பிடிச்சிருக்கு. ஜனாதிபதி ஆணை இல்லை, ஆனா சோளத்தையும் சேர்த்துக் காப்பாத்துது. 2020 பிப்ரவரியில டிம் இயற்கையா செத்தான், 50 வயசு. அவனையும் பாடம் பண்ண நைரோபி அருங்காட்சியகத்துக்குத்தான் கொண்டுபோனாங்க.

எண்ணிக்கையில யானை நிறைஞ்ச போட்ஸ்வானாவில் வேட்டை வேணுமா வேண்டாமான்னு அந்த ஊர்க்காரங்க முடிவு பண்ணட்டும், எனக்கு அதுல வாய் இல்லை. ஆனா கிளிமாஞ்சாரோ அடிவாரத்துல இருக்கிற கொம்பன்கள் விரல் விட்டு எண்ணுற அளவுதான். அங்கே ஒண்ணைச் சுட்டா கிடைக்கிற பணம் ஒரு தடவை. மிச்சமிருக்கிற பத்து இருபது வருஷத்துல அது குட்டி போடும், இளவட்டங்களை அடக்கி வைக்கும், ரெண்டு பக்கமும் ஆளுங்களை வரவழைக்கும். அந்தப் பக்கத்து மாசாய்க்கு இந்தப் பக்கத்து வருமானத்துல ஒரு பங்கு போற மாதிரி ரெண்டு நாடும் உக்காந்து பேசினா என்னன்னு எனக்குத் தோணுது. 1995-ல் ஒரு வாய்ப்பேச்சே முப்பது வருஷம் ஓடியிருக்கே.

சட்டாவோ கதையைச் சொல்லாம முடிக்க மனசு வரலை. சாவோ காட்டுக் கொம்பன், தந்தம் தரையைத் தொடும். மார்க் டீபிள்னு ஒரு படப்பிடிப்பாளர் மறைவுல இருந்து அதைக் கவனிச்சு எழுதியிருக்கார். தண்ணிக்கு வரும்போது அது நேரா வராதாம். புதருக்குப் புதர் நின்னு நின்னு, தலையைப் புதருக்குள்ள செருகிச் செருகி வருமாம். தன் தந்தத்தை மறைக்கத்தான் அப்படிச் செய்யுதுன்னு அவருக்குப் பட்டது. 2014 மே 30-ல் விஷ அம்பு பட்டு செத்தது. முகத்தை வெட்டித் தந்தத்தைக் கொண்டுபோயிட்டாங்க. செத்தது சட்டாவோதான்னு உறுதி பண்ணி அறிவிக்க ரெண்டு வாரம் ஆச்சு.